ஓரடி

பாஸ்டனில் பனி. நியூயார்க்கில் திரை எழ
இன்னும் ஒன்பது நாள்.
ஹோட்டலின் 412-ஆம் அறையில்
குளியல் தொட்டியின்மேல் பலகை போட்டு
சுரங்களை நகலெடுக்கிறேன்.
இருபத்தாறு வாத்தியத்துக்கு இருபத்தாறு கட்டு.
பக்கத்துக்கு இவ்வளவு சென்ட் என்று கூலி.
நாளை கிழிக்கப்போகும் பக்கத்துக்கும்
அதே கூலிதான்.

நாடகம் ஒரு பாலத்தைப் பற்றியது.
நிஜமாகவே ஒன்றைச் செய்துவிட்டார்கள், பதினோரு டன் எஃகில்.
கடைசிக் காட்சியில் இரு பக்கமிருந்தும் நீண்டு வந்து
நடுவில் கைகுலுக்க வேண்டும்.
குலுக்கவில்லை.
ஒவ்வோர் இரவும் ஓரடி பாக்கி வைத்து நிற்கிறது.
மேடைத் தச்சர் ஹால்வர்சன் எண்ணெய் விட்டார்,
சாபம் விட்டார்,
நேற்றுப் பெருமூச்சு விட்டார்.

பாலத்துக்கு ஓரடி குறைவு.
எமிலின் பாட்டுகளுக்கெல்லாம் ஓரடி கூடுதல்.
இடைவேளையில் கோட்டைத் திரும்ப வாங்க நின்ற வரிசை
ஐஸ்கிரீம் வரிசையைவிட நீளம்.
பணம் போட்ட அபர்க்ராம்பி
தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து
"யானையை வாங்கியாயிற்று, நடந்தே தீரணும்" என்கிறார்.

ரயிலில் வந்து இறங்கினார் ஸேடி லாரிமர்,
சீக்கு நாடகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.
எந்தச் சுவரொட்டியிலும் அவர் பெயர் வராது.
பக்க மாடத்தில், மேடைக்கு முதுகைக் காட்டி
மூன்று மணி நேரமும் ஜனங்களையே பார்த்தார்.

அவர் நீட்டிய சீட்டில்:
எட்டு நாற்பது, இருமல்.
ஒன்பது பத்து, இருமல்.
ஒன்பதரை, ஒருவர் சாவிக்கொத்தை எண்ணுகிறார்.

ஒன்பதரை என்றால் 'விளக்கேற்றுபவன்'.
எமில் எழுதியதிலேயே நல்ல பாட்டு.
நகலெடுத்தபோது என் பேனா இரண்டு இடத்தில் நின்றது,
மை இருந்தும்.

"பாட்டில் பழுதில்லை," என்றார் ஸேடி.
"நல்ல மனுஷன், வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டுகிறான்."
சர்க்கரை போடாத காபியை
எமில் கலக்கிக்கொண்டே இருந்தார்.

இரவு இரண்டு மணிக்குப் பாட்டு போயிற்று.
அதைப் பாடும் அண்ணனும் கதையிலிருந்து போனான்;
அண்ணனாக நடித்த டெல்பர்ட்டுக்குக் காலை ஆறரை ரயில்.
நாற்பது ஜோடி மஞ்சள் செருப்பும் போயிற்று.
பாட்டையும், கடைசிக் காட்சியில்
அது தலைகாட்டும் நாலு சுரத்தையும்
விடிவதற்குள் ஒட்டுத்தாள் போட்டு மூடினேன்.
இருபத்தைந்து கட்டுகளில்.

வியோலாவின் கடைசிப் பக்கத்தை மறந்துவிட்டேன்.

அன்றிரவு பாலம் வந்தது, நின்றது,
அதே ஓரடி.
இசைக்குழு ஓய்ந்தது.
இந்த முனையில் கோரீன்,
அந்த முனையில் கணவனாக நடிப்பவன்,
நடுவில் வேலையில்லாத வெளிச்சம்.
அப்போது திருவாளர் ஓசோலின்ஸ்
தன் தாளில் கண்டதை வாசித்தார்.
நாலு சுரம்.
தான் மட்டும் வாசிப்பது உறைத்து
வில்லைத் தூக்கினார், காது சிவக்க.

கோரீன் திரும்பிப் பார்த்தாள்.
பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து
தாண்டினாள்.

ஓரடிதான். குழந்தைகூடத் தாண்டும்.
ஆயிரத்து நானூறு பேர் மூச்சைப் பிடித்தது
பின்சுவரோரம் நின்ற எனக்குக் கேட்டது.

விடிகாலையில் கிரீஸ் படிந்த முகத்தோடு
ஹால்வர்சன் ஓடி வந்தார்:
"பொருந்திவிட்டது! மயிரிழை இடைவெளிகூட இல்லை!"
ஸேடி தெர்மாஸ் மூடியைத் திருகியபடி
"இனிப் பொருந்தக் கூடாது" என்றார்.
இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை அந்த மனிதர்.

இன்று நியூயார்க்.
ஸேடி வேறெங்கோ, வேறொரு நோயாளியிடம்.
டெல்பர்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பியிருக்கிறான்,
பெயரில் ஓர் எழுத்து குறைவாக.
எமில் சந்தில் நிற்கிறார்; உள்ளே வரமாட்டாராம்.
திரை எழ ஏழு நிமிடம்.
ஓசோலின்ஸ் மூக்கைச் சிந்துகிறார்.

மேலே புதுப் பையன் ஒருவன், நல்ல எண்ணத்தோடு,
பாலத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான்.
வேண்டாம் என்று கத்த முடியாது, ஜனங்கள் இருக்கிறார்கள்.
படியேறி ஓடுகிறேன்,
கையில் மைக்கூடு தளும்ப.